லோகேஸ்வரிக்குப் போட்ட அட்டிகை

பதுளை கடைவீதியில், பஸ் நிலையத்துக்கு இறங்கும் பாதையோரம் ஒரு பேன்சிக் கடை இருந்தது. அதன் பின்னறையில்தான் ஜெயலெட்சுமி மணப்பெண்களுக்கு நகை பொருத்திப் பார்ப்பாள். நகைகளைக் கடை முதலாளி சென்னையிலிருந்து எடுத்து வருவார். வெள்ளியில் செய்து, தங்கம் பூசி, பழைய காலத்துச் சாமான் போல மங்கலாக்கிய நகைகள். அன்டிக் செட் என்று சொல்வார்கள். கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்துப்போய்த் திருப்பிக் கொடுக்கலாம். எந்தச் சேலைக்கு எது பொருந்தும் என்று சொல்வதும், கல்யாணத்தன்று பெண் வீட்டுக்கே போய்ப் போட்டுவிடுவதும் ஜெயலெட்சுமியின் வேலை.

அவள் தெமோதரைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோதே முருகையாவுக்கு வாழ்க்கைப்பட்டாள். முருகையா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைக்குப் போனான். தொண்ணூற்றாறாம் வருஷம் ஒரு நாள் மாலை, சவர்க்காரம் வாங்கிவருகிறேன் என்று கடையிலிருந்து வெளியே போனவன் திரும்பி வரவில்லை என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். தேடிப் போன இடங்களில் எல்லாம் தெரியாது என்ற பதில்தான். ஆள் இருக்கிறான் என்று சொல்லவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது. ஜெயலெட்சுமி தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. அதனால்தான் கல்யாண வீடுகளில் அவள் கை பெண்ணின் மேல் பட விட்டார்கள். புருஷன் செத்தது தெரிந்திருந்தால் அவளை வாசலோடு நிறுத்தியிருப்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பதில் வராமல் இருந்ததே அவளுக்குச் சோறு போட்டது. அது அவளுக்கும் தெரியும்.

முதலாளி முதல் தடவை அன்டிக் செட் கொண்டுவந்தபோது யாரும் தொடவில்லை. "என்னாங்க இது, நெருப்புல விழுந்தெடுத்த மாதிரி இருக்கு?" என்று சிரித்துவிட்டுப் பளபளக்கும் கவரிங் சங்கிலியைக் கேட்டார்கள். கடை மூடியபின் ஜெயலெட்சுமி கண்ணாடியின் முன் நின்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். சிவப்புக் கூறை மங்கல் தங்கத்தை விழுங்கிவிடுகிறது. கடும் பச்சையிலும் கடுகு மஞ்சளிலும் கத்தரிப்பூ நிறத்திலும் அது எழுந்து நிற்கிறது. கரை அகலமான பட்டுக்கு ஒரே ஒரு மாலை போதும். கரையில்லாத சேலைக்குக் கழுத்தோடு ஒன்றும் நெஞ்சுக்கு ஒன்றுமாக இரண்டு வேண்டும். ஜோர்ஜட் சேலை பாரம் தாங்காமல் தோளிலிருந்து இழுபடும், அதற்குக் காதில் பெரிய ஜிமிக்கி மட்டும் போட்டுக் கழுத்தை வெறுமையாக விட்டால்தான் அழகு. ஒரு நாள் பச்சைச் சேலை கட்டி, காசு மாலை ஒன்றைப் போட்டுக்கொண்டு கடை வாசலில் நின்றாள். அன்றைக்கே இரண்டு பேர் விசாரித்தார்கள். ஓரிரு வருஷத்தில் பதுளைச் சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களில் கல்யாணம் என்றால் ஜெயா அக்காவைக் கூப்பிடு என்றாகிவிட்டது. ஒசரி என்ற கண்டியச் சேலை கட்டும் சிங்களப் பெண்களும் தேடி வந்தார்கள்.

இரண்டாயிரத்து இரண்டின் கடைசியில் லோகேஸ்வரியை அவள் தாய் கூட்டிக்கொண்டு வந்தாள். தெமோதரைப் பக்கம்தான் அவர்களும். தாய் கதவைச் சாத்திவிட்டு, மகளின் ஸ்வெட்டர் பொத்தான்களைத் தானே கழற்றினாள். இடது காதுக்குக் கீழிருந்து கழுத்து வழியாகத் தோள்பட்டை வரை எரிகாயத் தழும்பு. தோல் சுருங்கி, மரப்பட்டை போலக் கறுத்திருந்தது.

"சின்னப்புள்ளயில குப்பி லாம்பு கவுந்திருச்சுங்க" என்றாள் தாய். "கல்யாணத்தன்னிக்கு ஒருத்தர் கண்ணுலயும் படக்கூடாது."

"மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியுமா?"

"எல்லாஞ் சொல்லியாச்சு. ஊர் சனம் பேசக்கூடாதுன்னுதான் பாக்குறோம்."

லோகேஸ்வரி அலுமாரியில் இருந்த தலை கிளிப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது அவளுக்கு இருபது வயதுதான். மாப்பிள்ளை தயாபரன் கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தேயிலைத் தொழிற்சாலை ஸ்டோரில் வேலை செய்தான். சம்பளம் தவறாமல் வரும் மாப்பிள்ளை. பெண் பார்க்க வந்த நாளில் மழையும் குளிருமாக இருந்ததால், லோகேஸ்வரி கழுத்து மூடிய ஸ்வெட்டரோடு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்ததை யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை என்பதெல்லாம் ஜெயலெட்சுமிக்குப் பிறகுதான் தெரியவந்தது.

அன்று அவள் யோசித்ததெல்லாம் வேலையைப் பற்றி மட்டுமே. பளபளப்பான நகை போட்டால் பார்க்கிறவர் கண் நேரே கழுத்துக்குப் போகும், பக்கத்துத் தோலையும் பார்த்துவிடும். அன்டிக் நகை அப்படி இழுக்காது. அதன் இடுக்குகளில் படிந்திருக்கும் கறுப்பும் தழும்பின் நிறமும் கிட்டத்தட்ட ஒன்று. ஓரத்தில் கொஞ்சம் தெரிந்தாலும் நகையின் நிழல் என்றே நினைப்பார்கள். அரக்கு நிறத்தில் தொண்டை வரை மூடிய ஜாக்கெட் தைக்கச் சொன்னாள். அதன்மேல் சிவப்புக் கல் பதித்த அகலமான அட்டிகை. காதுக்குப் பெரிய ஜிமிக்கி, அதிலிருந்து கூந்தலுக்குப் போகும் மாட்டல். இடது பக்கம் பூச்சரம் முன்னால் விழ வேண்டும். நீள மாலை வேண்டவே வேண்டாம், அது பார்வையை மேலும் கீழும் அலைய விடும்.

தையில் கல்யாணம். ஜெயலெட்சுமி விடியும்போதே பெண் வீட்டார் இருந்த வரிசை வீட்டு லயத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அடுத்த காம்பரா வீட்டுப் பெண்கள் வாசலில் நெருக்கியடித்து நிற்க, உள்ளே பெண்ணுக்கு அட்டிகையைக் கட்டினாள்.

"அக்கா" என்றாள் லோகேஸ்வரி மெல்ல. "ராத்திரி இத யாரு கழட்டுவா?"

"நீயே கழட்டலாம். பின்னால கொக்கி இருக்கு, பாரு."

"நான் கழட்டலன்னா?"

ஜெயலெட்சுமியின் கை நின்றது. கண்ணாடியில் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். பவுடருக்கு மேலே வியர்வை துளிர்த்திருந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்றுமே தெரியாது என்பது அந்த நொடியில் அவளுக்கு விளங்கிவிட்டது. வெளியே தாய், நேரமாகுது, நேரமாகுது என்று கத்திக்கொண்டிருந்தாள். மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஜெயலெட்சுமி கொக்கியை மாட்டி, பூச்சரத்தை முன்னால் எடுத்துவிட்டாள்.

"ஒண்ணும் ஆகாது. நல்லபடியா இருப்ப" என்றாள்.

அன்றைக்குப் படம் எடுத்தவர் பதுளையில் ஸ்டூடியோ வைத்திருந்த மொஹிதீன். அவர் எடுத்த படங்களில் லோகேஸ்வரி பழைய கோயில் சிலை ஒன்றுக்கு உயிர் வந்தாற்போல இருந்தாள். ஒன்றைப் பெரிதாக்கி ஸ்டூடியோ கண்ணாடியில் வைத்தார். அதைப் பார்த்துவிட்டு வந்த மூன்று நான்கு வீட்டார் அதே அட்டிகையைக் கேட்டார்கள்.

நகையைத் திருப்பிக் கொடுக்க வந்த தாய், "நல்லா இருக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வருஷம் ஆவணியில் லோகேஸ்வரி தானே கடைக்கு வந்தாள். தயாபரன் வெளியே சைக்கிள் கடை நிழலில் நின்றுகொண்டான். நாத்தனார் கல்யாணம், கடுகு நிறப் பட்டு எடுத்திருக்கிறார்கள், அதற்கு நகை வேண்டும் என்றாள். உள்ளறைக்குப் போனதும் கதவைத் தானே சாத்தினாள். ஜாக்கெட்டைக் கழற்றியபோது, இரண்டு மேற்கைகளிலும் விரல் தடங்கள் நீலமாக இருந்தன. தழும்பின் மேலேயே ஒரு புதுக் காயம் பொருக்குத் தட்டியிருந்தது.

"இதையும் மறைக்கணும்க்கா."

"அவரா?"

"குடிச்சா மட்டுந்தான். ஏமாத்திக் கட்டி வச்சிட்டாங்கன்னு மாமி நாளெல்லாம் சொல்லிக்கிட்டே இருக்கும். அவரு ராத்திரி வந்து..." அவள் தழும்பைத் தொட்டாள். "இந்த எடத்துலதான் அடிப்பாரு. இது ஏற்கனவே பழுதான எடந்தானேன்னு சொல்லுவாரு."

"அம்மா வீட்டுக்குப் போயிரு."

"போனேன். ரெண்டு நாள் வச்சிருந்து அம்மாதான் திரும்பக் கொண்டாந்து விட்டுச்சு. தங்கச்சி இருக்கால்ல. நான் வாழாவெட்டியா வந்து குந்திட்டா அவள யாரு கேப்பா?"

ஜெயலெட்சுமி தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். கைக்கு அகலமான வங்கி இரண்டை எடுத்து, நீலத் தடங்களின் மேல் சரியாக உட்கார வைத்தாள். கடுகு நிறப் பட்டில் மங்கல் தங்கம் நன்றாக இருந்தது. லோகேஸ்வரி கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு விசேஷத்துக்கும் அவள் வந்தாள். பிறந்தநாள் விருந்துக்கு ஜோர்ஜட் கட்ட வேண்டும் என்று தயாபரன் சொல்லியிருந்தான். வழக்கமாக அதற்குக் கழுத்தை வெறுமையாக விடுவாள் ஜெயலெட்சுமி. இவளுக்கு முடியாது. கழுத்து மூடிய ஜாக்கெட்டும் மெல்லிய காசு மாலையும் போட்டு, மணிக்கட்டு வீக்கத்துக்கு அகலக் காப்பு மாட்டினாள். தீபாவளிக்குக் கத்தரிப்பூ நிறச் சேலை, அதற்கு நெற்றிச்சுட்டி. நெற்றியோரத்தில் ஒரு வெட்டுக்காயம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஜெயலெட்சுமி, "பொலிசுல சொல்லலாம், நான் கூட வாறேன்" என்று சொன்னாள். ஒவ்வொரு தடவையும் லோகேஸ்வரி, "அடுத்த தடவ பாப்பம்க்கா" என்றாள். வெளியே காத்துநிற்கும் தயாபரன், நகையோடு வரும் மனைவியை மேலும் கீழும் பார்த்து, "ஜோக்கா இருக்கு" என்று மெச்சி ஜெயலெட்சுமியிடம் தலையாட்டுவான். கண்ணியமான, மெலிந்த மனிதன். ஒரு நாளும் அவளிடம் குரல் உயர்த்திப் பேசியதில்லை.

இரண்டாயிரத்து ஐந்தில் தயாபரனின் அக்கா மகள் பெரிய பிள்ளையானாள். சடங்குக்குப் பச்சைப் பட்டு. அந்தத் தடவை லோகேஸ்வரியால் கையைத் தூக்கவே முடியவில்லை. ஜெயலெட்சுமிதான் ஜாக்கெட்டுக்குள் கையை நுழைத்துவிட்டாள். அட்டிகை, வங்கி, காப்பு, ஒட்டியாணம் என்று இருந்த எல்லாவற்றையும் போட வேண்டியிருந்தது. இவ்வளவு போட்டால் பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் சனம், ஐயோ எவ்வளவு நகை என்று வாயைப் பிளந்தது. சடங்கு வீட்டிலும் மொஹிதீன்தான் படம் எடுத்தார்.

அடுத்த வாரம் லோகேஸ்வரியைப் பேச்சு மூச்சில்லாமல் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் தண்ணீர் எடுக்கப் போனபோது கற்படியில் சறுக்கி விழுந்துவிட்டாள் என்றான் தயாபரன். இரண்டாம் நாள் அவள் இறந்துபோனாள்.

ஜெயலெட்சுமிக்குச் செய்தி சொன்னவர் மொஹிதீன். கடைக்கு வந்து, உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"புள்ள, அந்தச் சடங்கு வீட்டுப் படத்தப் பெருசாக்கித் தரச் சொல்லி தயாபரன் ஆக்கள் வந்தீக்கிறாங்க. வழக்காம். மேலெல்லாம் பழைய காயம் ஈக்கிதுன்னு டொக்டர் எழுதீக்கிறாராம். அவள்ட அப்பன் மாடசாமி, தயாபரன் அடிச்சதாச் சொல்றான். அவங்க, எல்லாக் காயமும் விழுந்ததுல வந்ததுன்னு சொல்றாங்க. ஒரு கெழமைக்கு முந்தி எப்பிடி நின்னா, ஒரு கீறலும் இல்லாமன்னு காட்டத்தான் படம்."

படத்தை அவர் கையோடு கொண்டுவந்திருந்தார். ஜெயலெட்சுமி அதை வாங்கிப் பார்த்தாள். பச்சைப் பட்டில் லோகேஸ்வரி நிமிர்ந்து நின்றாள். பக்கத்தில் தயாபரன் அவள் தோளில் கை வைத்திருந்தான். குறை சொல்ல முடியாத வேலை. வங்கி ஒரு நூல் கூட விலகவில்லை. ஜெயலெட்சுமி படத்தைக் கவிழ்த்து வைத்தாள். பொலிசுக்குப் போய்ச் சொல்லப்போகிறேன் என்றாள்.

அவள் பொலிசுக்குப் போய்ச் சொல்லப் போகிறாள் என்பது எப்படியோ லோகேஸ்வரியின் தாய்க்கு எட்டிவிட்டது. மறுநாள் காலை கடை திறக்கும்போதே வந்து நின்றாள். துக்க வீட்டுச் சேலையை இன்னும் மாற்றியிருக்கவில்லை.

"அடிச்சான்னு சொல்லுங்க. அது போதும். கல்யாணத்தன்னிக்கு மறைச்சத மட்டும் சொல்லாதீங்க."

"கேட்டா என்னத்தச் சொல்ல? எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்தது தானேங்க."

"எம்புள்ள போயிட்டா. இனி அவளுக்கு என்னா ஆகப் போவுது? சின்னவ இருக்கா. மறைச்சுக் கட்டிக் கொடுத்த குடும்பம்னு பேரு வந்தா அவள எவன் எடுப்பான்?" அவள் ஜெயலெட்சுமியின் கையைப் பிடித்தாள். "நீங்களும் தானே சேந்து செஞ்சீங்க."

"ஆமா" என்றாள் ஜெயலெட்சுமி. "நானும் தான்."

நீதிமன்றத்தில் அவள் சாட்சிக் கூண்டில் ஏறியபோது தயாபரன் எதிரே நின்றான். அவனுக்காகப் பேசியவர் சட்டத்தரணி கனகசுந்தரம், பதுளையில் நெடுங்காலமாக இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். தமிழில் கேட்டார், மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் நீதவானுக்குச் சொன்னார். படத்தை அவள் கையில் கொடுத்தார்கள்.

"அம்மா, இந்தப் படத்திலை அந்தப் பிள்ளையின்ரை மேலிலை ஒரு கீறலாவது தெரியுதோ?"

"தெரியலீங்க."

"ஏன் தெரியேல்லை?"

"தெரியாத மாதிரி நான் போட்டேன்."

எங்கே என்ன இருந்தது என்று காட்டும்படி நீதவான் கேட்டார். அவள் படத்தில் விரலை வைத்துச் சொன்னாள். இந்த வங்கிக்குக் கீழே விரல் தடம். இந்தப் பக்கம் நகம் கீறினது. காப்புக்கு உள்ளே வீக்கம். ஒட்டியாணத்துக்கு அடியில், இடுப்பில், உதைத்தது. வங்கி, ஒட்டியாணம் என்பதற்கெல்லாம் சொல் கிடைக்காமல் மொழிபெயர்ப்பாளர் தடுமாறி, நகை, நகை என்றே சொல்லிக்கொண்டு போனார்.

கனகசுந்தரம் பொறுமையாகக் காத்திருந்தார். "ரெண்டு வருசமாக் கண்டனீங்கள். ஆருக்காவது சொன்னீங்களோ?"

"இல்லீங்க."

"தொழிலா மறைச்சனீங்கள். இப்ப வந்து சொல்லுறியள். மறைக்கிறதுதானே உங்கடை தொழில், உங்களை எப்பிடி நம்புறது?"

அவள் கையிலிருந்த படத்தைக் கூண்டின் விளிம்பில் வைத்தாள். 

"சரி, கழுத்திலை இருந்தது பழைய எரிகாயம்தானே? கலியாணத்தண்டு அதையும் நீங்கள் மறைச்சனீங்களோ?"

கடைசி வாங்கில் மாடசாமியும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயலெட்சுமி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"ஆமாங்க. மறைச்சேன். மாப்பிள்ளைக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சும் மறைச்சேன்."

தாய் எழுந்து வெளியே போவது அவளுக்குக் கேட்டது.

"ஆக, மற்றக் காயங்களைக் கண்டது நீங்கள் ஒருத்திதான்."

"நான் ஒருத்தி இல்லீங்க" என்றாள் ஜெயலெட்சுமி. "அடிச்சவருக்கும் தெரியும்."

தயாபரன் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வழக்கு இரண்டு வருஷம் இழுத்தது. அடித்துக் காயப்படுத்தியது நிரூபணமாகி, ஒத்திவைத்த சிறைத்தண்டனை கொடுத்தார்கள். விழுந்தாளா, தள்ளினானா என்பதைப் பார்த்தவர் யாரும் இல்லை. தயாபரன் ஒரு நாளும் சிறையில் இருக்காமல் வீட்டுக்குப் போனான். அடுத்த வருஷம் பண்டாரவளைப் பக்கம் மறுபடி கல்யாணம் செய்தான் என்று கேள்வி.

ஜெயலெட்சுமியைக் கல்யாண வீடுகளுக்குக் கூப்பிடுவது நின்றுபோனது. யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எந்தத் தாய்க்கும் தன் பெண்ணின் மேல் இருக்கும் ஏதோ ஒன்றை, ஒரு மச்சத்தையாவது, யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். கோர்ட்டில் ஏறி எல்லாவற்றையும் சொல்கிறவளை எப்படி உள்ளே விடுவது? லோகேஸ்வரியின் தங்கைக்குக் கல்யாணம் நடந்தது. மொஹிதீன் படம் எடுத்தார். பெண்ணுக்கு நகை போட்டது பசறையிலிருந்து வந்த ஒருத்தி. பளபளக்கும் செட் போட்டிருந்தாளாம்.

வாடகைக்குப் போகாத நகைகளை முதலாளி அலுமாரியில் வைத்துப் பூட்டினார். ஜெயலெட்சுமி பின்னறையில் சும்மா உட்கார்ந்திருந்த நாட்கள் அதிகம். தெரியாமல் யாராவது வந்தால், தாயை வெளியே அனுப்பிவிட்டுப் பெண்ணிடம் மட்டும் பேசுவாள். இரண்டாயிரத்து எட்டில் மதுஷா என்ற பெண் அப்படி வந்தாள். அவள் கழுத்திலும் கையிலும் தோல் வெள்ளை வெள்ளையாக நிறம் விட்டிருந்தது.

"அவருக்குத் தெரியுமா?"

"அம்மா சொல்லியிருக்கும்."

"நீ சொன்னியா?"

மதுஷா தலையாட்டி இல்லை என்றாள்.

"நீயே சொல்லு. சொல்லிட்டு வா. அதுக்கப்புறம் எந்த நகை வேணும்னாலும் நான் போட்டுவிடுறேன்."

மதுஷா அன்றே பையனுக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டாள். நாலாம் நாள் கல்யாணம் நின்றது. அவள் தகப்பன் கடை வாசலில் நின்று, நீ வாழாத கேட்டுக்கு எம்புள்ள குடியையும் கெடுத்திட்டியே என்று கத்தினான். பஸ்ஸுக்கு நின்ற சனம் பார்த்துக்கொண்டிருந்தது. முதலாளி அவளைக் கூப்பிட்டு, மாத முடிவோடு வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

அவள் ஒரு துணிக்கடையில் சேர்ந்து, பொம்மைகளுக்குச் சேலை கட்டினாள். மதுஷா கார்மென்ட் வேலைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெயலெட்சுமியின் அறைக்கு வருவாள். ஏன் வருகிறாள் என்று இவள் கேட்டதில்லை. அவளும் நல்லது செய்தாய் என்றோ கெடுத்தாய் என்றோ ஒரு நாளும் சொன்னதில்லை. மெஷின் நடத்தும் பெண்களைப் பற்றியும் சூப்பர்வைசரைப் பற்றியும் பேசுவாள். அந்தப் பையனுக்கு வேறிடத்தில் கல்யாணமாகிவிட்டது என்பதையும் அப்படித்தான் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

ஒரு ஞாயிறு நீலச் சுரிதார் ஒன்றைக் கொண்டுவந்து, வேலைத்தளத்தில் சுற்றுலா போகிறோம், இதற்கு என்ன போடட்டும் என்று கேட்டாள். கழுத்து அகலமாக வெட்டிய சுரிதார். ஜெயலெட்சுமி தன்னிடம் மிச்சமிருந்த ஒரு சோடி அன்டிக் ஜிமிக்கியைக் கொடுத்தாள். "காதுக்கு இது போதும். கழுத்துக்கு ஒண்ணும் வேணாம்" என்றாள். மதுஷா கண்ணாடியில் வெகுநேரம் பார்த்துவிட்டு, சரி என்று போட்டுக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் வந்தபோது, பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் தன் கழுத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வேறிடம் பார்த்துப் போனதைச் சொன்னாள். அழவில்லை. கழுத்தைச் சுற்றி ஒரு சால்வை போட்டிருந்தாள். ஜெயலெட்சுமி அதைக் கழற்று என்றும் சொல்லவில்லை, இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை. அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள்.